மனமும் இனமும்: திருக்குறளின் தெளிதல் நெறி – பழவேற்காடு, கும்மிடிப்பூண்டி வதந்திகளை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

எண்ணமே குணத்தை ஆக்குகிறது என்னும் கருத்து திருக்குறளுக்கு உடன்பாடானது. எனினும் அவ்வெண்ணம் எங்கிருந்து வருகிறது என்னும் வினாவையும் அந்நூல் எழுப்புகிறது. சிற்றினஞ்சேராமை அதிகாரம் இவ்வினாவுக்குத் தரும் விடையையும், அவ்விடை போதாத இடத்தில் ஒற்றாடல் அதிகாரம் தரும் சோதனை முறையையும் இக்கட்டுரை இணைத்து ஆராய்கிறது. திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டில் 2018ஆம் ஆண்டு நிகழ்ந்த கொலையும், கும்மிடிப்பூண்டி போன்ற தொழிற்பகுதிகளின் புலம்பெயர் தொழிலாளரைப் பற்றி 2023ஆம் ஆண்டு பரவிய வதந்தியும் ஆய்வுக் களங்களாகின்றன. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை ஒப்பீட்டுக்குக் கொள்ளப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மனநலம், இனநலம், சிற்றினம், தெளிதல், ஒற்றாடல், வதந்தி.

1. எண்ணத்தின் பிறப்பிடம்

திருக்குறளை ஆளுமை வளர்ச்சி நூலாக எடுத்துரைக்கும் போக்கு இன்று பரவலாக உள்ளது. அவ்வகை உரைகளில் ஊக்கமுடைமை அதிகாரத்துக் குறட்பாக்களே பெரிதும் ஆளப்படுகின்றன. உயர்ந்ததை எண்ணுக, எண்ணம் தவறினும் எண்ணியது தவறாகாது என்ற கருத்து மாணவர்க்கும் பணியாளர்க்கும் எடுத்துச் சொல்ல எளிதானது. கள்ளாமை அதிகாரத்தில் வள்ளுவர் இன்னும் ஒரு படி மேலே செல்கிறார். பிறர் பொருளைக் கவர உள்ளத்தால் நினைப்பதையும் தீது என்றே அங்கு வரையறுக்கிறார் (குறள் 282). செயலுக்கு முன்பே எண்ணத்தில் குணம் தொடங்கிவிடுகிறது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

ஆயினும் இந்த வாசிப்பு பாதி வாசிப்பே. எண்ணுபவன் தன் எண்ணத்துக்கு முழு உரிமையாளன் என்று அது கொள்கிறது. வள்ளுவர் அவ்வாறு கொள்ளவில்லை. பொருட்பாலின் 46ஆம் அதிகாரமாகிய சிற்றினஞ்சேராமையில், நிலத்தின் இயல்பால் நீர் திரிவது போல மாந்தர்க்கு இனத்தின் இயல்பால் அறிவு திரியும் என்னும் கருத்து முதலில் வருகிறது (452). உணர்ச்சி மனத்தால் அமைகிறது. ஒருவன் இன்னான் என்று உலகம் சொல்லும் சொல்லோ இனத்தால் அமைகிறது (453). இவற்றை அடுத்துவரும் குறளே நம் ஆய்வுக்கு மையமானது. ஒருவனது அறிவு மனத்தில் உள்ளது போன்ற தோற்றத்தைத் தந்து, உண்மையில் அவன் சேர்ந்த இனத்தில் உள்ளதாகிறது என்பது அதன் பொருள் (454).

இக்குறளில் உவம உருபும் காட்டுதல் என்னும் வினையும் ஒருங்கே அமைந்திருப்பது கருதத்தக்கது. இனம் அறிவைத் தருகிறது என்று மட்டும் சொல்ல எண்ணியிருந்தால் அவை இரண்டும் வேண்டியதில்லை. புறத்திலிருந்து வந்தது அகத்தில் பிறந்ததாகத் தோன்றுகிறது என்பதே கூறவந்த செய்தி. பிறர் நம்மை இயக்கும்போது அவ்வியக்கம் நமக்குத் தெரிவதில்லை. நம் சொந்த முடிவாகவே அதை உணர்கிறோம். மன உறுதியை மட்டும் வளர்ப்பது இதற்கு மருந்தாகாது. தவறான எண்ணத்தைத் தன்னுடையதென்று நம்பியவன், மன உறுதி மிகுந்தவனாயின், அவ்வெண்ணத்தையே மேலும் உறுதியாகப் பற்றுவான்.

2. பழவேற்காடு, 2018

பொன்னேரி வட்டத்தில், கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, உப்பங்கழியை ஒட்டியுள்ள மீனவர் ஊர் பழவேற்காடு. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர் கோட்டை கட்டி வணிகம் செய்த துறை. அயலார் வந்துபோவது அவ்வூருக்குப் புதிதன்று. 2018 மே மாதத்தில் குழந்தை கடத்தும் வடநாட்டுக் கும்பல்கள் தமிழகத்தில் நுழைந்துள்ளன என்னும் செய்தி வாட்ஸ்அப் வழியாக வட மாவட்டங்களில் பரவியது. மே 9 அன்று பழவேற்காட்டில் ஊரார்க்கு அறிமுகமற்ற ஒருவர் குழந்தை கடத்துபவர் என்ற ஐயத்தின் பேரில் கூட்டத்தினரால் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். அதே நாளில் திருவண்ணாமலை மாவட்டம் போளூர்ப் பகுதியில், குலதெய்வக் கோயிலுக்குக் காரில் சென்ற குடும்பத்தினர் தாக்கப்பட்டனர். வழியில் சிறுவர்க்கு மிட்டாய் கொடுத்த மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார்.

இரு நிகழ்வுகளிலும் கொலை செய்தவர்கள் தொழில்முறைக் குற்றவாளிகள் அல்லர். தம் பிள்ளைகளைக் காப்பதாகவே அவர்கள் எண்ணினர். எண்ணம் தூயதாயின் செயலும் தூயதாகும் என்னும் எளிய சூத்திரம் இங்கு உடைகிறது. மனத்தூய்மை, செய்வினைத் தூய்மை ஆகிய இரண்டும் இனத்தூய்மையைப் பற்றுக்கோடாகக் கொண்டே வரும் என்னும் குறள் (455) இதனை முன்னரே கண்டுகொண்டதாகத் தோன்றுகிறது. பிள்ளையிடம் கொண்ட அன்பு குறைவின்றி இருந்தது. அந்த அன்பை யாரை நோக்கிச் சினமாகத் திருப்புவது என்பதை வெளியிலிருந்து வந்த செய்தி முடிவு செய்தது.

அக்காலத்தில் இந்தியாவில் பரவிய காணொளிகளுள் ஒன்று, இருசக்கர வண்டியில் வந்தவர்கள் தெருவில் விளையாடும் சிறுவனைத் தூக்கிச் செல்வதைக் காட்டியது. அது கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்பு விழிப்புணர்வுக்காக எடுக்கப்பட்ட படம். முழுப் படத்தில் அவர்கள் சிறுவனைத் திரும்பக் கொண்டுவந்து விட்டு அறிவிப்புப் பலகை ஒன்றைக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதி வெட்டப்பட்டுப் பரவியது. குழந்தைகளைக் காக்க எழுந்த படமே கொலைக்குத் தூண்டுகோலாகும் வகையில் மாற்றப்பட்டது. பொய் சொல்ல எதையும் புதிதாகப் புனைய வேண்டியதில்லை, முடிவை வெட்டினால் போதும் என்பதை இது காட்டுகிறது.

3. பொற்கொல்லன் உரை

இத்தகைய தூண்டுதலின் உள்ளமைப்பைத் தமிழில் மிக நுட்பமாகக் காட்டிய இடம் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை. பாண்டியன் ஆராயாது ஆணையிட்டான் என்பதே அக்காதை பற்றி மிகுதியாகப் பேசப்படுகிறது. அரசனை விடக் காவலர்களே இங்கு நம் கவனத்துக்கு உரியவர்கள். அவர்கள் கோவலனை நேரில் காண்கின்றனர்; இலக்கணத்தைக் கொண்டு நோக்கின் இவன் கொலைக்குரியவன் அல்லன் என்று அவர்களுள் ஒருவர் சொல்லவும் சொல்கிறார். உண்மை அவர்கள் கண்முன் நிற்கிறது. பொற்கொல்லன் அதை மறுக்கவில்லை. மாறாக, கள்வர்க்குத் துணையாகும் எட்டினைக் களவு நூலின்வழி விரித்துரைக்கிறான்: மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி.

இவ்வுரையின் பயன் என்ன? கோவலனைப் பற்றி அது எதையும் மெய்ப்பிக்கவில்லை. கள்வர் பொதுவில் எத்தகையர் என்பதை மட்டுமே சொல்கிறது. ஆனால் அதை ஏற்றுக்கொண்டபின் கோவலனின் அமைதியும் நல்ல தோற்றமும் அவனுக்குச் சார்பான சான்றாக நிற்பதில்லை. தேர்ந்த கள்வன் அப்படித்தானே தோன்றுவான்! குற்றமின்மையின் அடையாளங்களையே குற்றத்தின் அடையாளங்களாக மாற்றிவிடும் உரை அது. அடுத்து ஓர் இளைஞன் முன்பொரு மழையிரவில் தான் எதிர்கொண்ட கள்வனின் கதையைச் சொல்கிறான். அக்கதைக்கும் கோவலனுக்கும் தொடர்பில்லை. ஆயினும் அது பொதுக்கருத்துக்கு உயிர் தருகிறது. செய்யாவிடின் அரசன் ஒறுப்பான் என்ற அச்சம் பின்னர் வருகிறது. இறுதியில் கல்லாத களிமகன் ஒருவன் வாளை வீசுகிறான். அரைகுறைப் பொதுஅறிவு, தொடர்பற்ற அனுபவக்கதை, அச்சம், முதலில் கையோங்கும் ஒருவன் என்னும் இவ்வரிசையை இளங்கோவடிகள் சில அடிகளுக்குள் அடுக்கியிருக்கிறார். எச்சரிக்கை விடுத்தவனே உண்மைக் கள்வன் என்பதைக் காவலர் அறியார், வாசகர் அறிவர்.

2018ஆம் ஆண்டின் குறுஞ்செய்திகளும் பொற்கொல்லன் உரையின் வகையைச் சேர்ந்தவையே. குறிப்பிட்ட எவரையும் அவை சுட்டவில்லை. அயலார், தமிழ் பேசத் தெரியாதவர், காரணமின்றித் திரிபவர் என்று ஒரு பொதுவடிவத்தைத் தந்தன. அவ்வடிவத்தில் பொருந்தும் ஒருவர் தெருவில் வந்தபோது, அவர் திகைத்து நின்றாலும் ஓடினாலும் இரண்டும் ஒரே பொருளைத் தந்திருக்கும்.

4. சிற்றினம் யார்?

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். இனத்தால் அறிவு திரியும் என்றால், அயலாரை விலக்கித் தம் இனத்தைக் காத்த பழவேற்காட்டுக் கூட்டம் வள்ளுவர் சொன்னதைத்தானே செய்தது? இன்றைய வழக்கில் இனம் என்னும் சொல் மொழி, பிறப்பு ஆகியவற்றால் அமையும் குழுவைக் குறிப்பதால் இம்மயக்கம் நேர்கிறது. பரிமேலழகர் சிற்றினத்தைப் பிறப்பால் வரையறுக்கவில்லை. நன்மை தீமை என்ற வேறுபாடே இல்லை என்பாரையும் விடர், தூர்த்தர் முதலியோரையும் அக்குழுவில் அடக்குகிறார். அதாவது ஒழுகலாறே அளவுகோல். மேலும் குறள் 454இன் பார்வை அயலானை நோக்கியதன்று, தன்னை நோக்கியது. என் அறிவு எவருடைய அறிவு என்று என்னையே கேட்கச் செய்வது அது. அதைப் பிறரை விலக்கும் கோலாகப் பிடிப்பது குறளைத் தலைகீழாகப் பிடிப்பதாகும்.

இரண்டாம் மறுப்பு இதனினும் வலியது. வதந்தி தீயோரிடமிருந்து வருவதில்லை. அண்ணன் அனுப்புகிறார், பள்ளிப் பெற்றோர் குழுவில் மற்றொரு தாய் அனுப்புகிறார், கோயில் விழாக் குழுவில் பெரியவர் ஒருவர் அனுப்புகிறார். நல்லினம் என்று எதைக் கொள்வோமோ அதுவே வாயிலாகிறது. எனவே சிற்றினஞ்சேராமை மட்டும் இங்குப் போதாது என்றே கட்டுரையாளர் கருதுகிறார். எப்பொருள் யார்வாய்க் கேட்பினும் அதன் மெய்ப்பொருளைக் காணவேண்டும் என்னும் அறிவுடைமை அதிகாரக் கருத்து (423) இவ்விடத்தில் துணைவருகிறது. எனினும் அது செய்ய வேண்டியதைச் சொல்கிறதே அன்றிச் செய்யும் முறையைச் சொல்லவில்லை. முறையைச் சொல்வது 59ஆம் அதிகாரம்.

5. மூவர் சொல்

ஒற்றாடல் அதிகாரம் அரசனுக்குரியது என்பதால் அறிவாராய்ச்சி நோக்கில் அதை வாசிப்பவர் குறைவு. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனால் ஒத்துப்பார்த்தே கொள்ள வேண்டும் (588). அடுத்த குறள் இதைக் கூர்மையாக்குகிறது. ஒற்றரை ஒருவரையொருவர் அறியாதவாறு ஆளுதல் வேண்டும். அவ்வாறு ஆளப்பட்ட மூவர் சொல் ஒத்திருந்தால் அதனைத் தெளியலாம் (589). எண்ணிக்கை இங்கு இரண்டாம் நிலையில் நிற்கிறது. சான்றுகள் ஒன்றையொன்று சாராதிருத்தலே முதல் நிபந்தனை. ஒருவரையொருவர் அறிந்த மூவர் ஒத்துச் சொன்னால் அது ஒருவர் சொல்லுக்கு மேற்படாது.

கைப்பேசியில் இந்நிபந்தனை எப்போதும் மீறப்படுகிறது. ஒரே காணொளி பத்துக் குழுக்களிலிருந்து வரும்போது பத்துப்பேர் கண்டதாக மனம் எண்ணுகிறது. கண்டவர் ஒருவர்கூட இல்லாதிருக்கலாம். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், மேலனுப்பப்பட்ட செய்திக்கு அடையாளம் இடத் தொடங்கியதும், இந்தியாவில் ஒரு செய்தியை ஐந்து உரையாடல்களுக்கு மேல் ஒருங்கே அனுப்ப இயலாதவாறு வரம்பிட்டதும் இவ்வடிப்படையில் நோக்கத்தக்கவை. வரம்பு பரவலின் விரைவைக் குறைக்கிறது. அடையாளமோ, இதை அனுப்பியவர் சான்றாளர் அல்லர் என்று வாசிப்பவர்க்குச் சொல்கிறது. குறள் 589உடன் நெருங்குவது இப்பின்னதே.

2023 மார்ச்சுத் தொடக்கத்தில் நிகழ்ந்தது இதன் மறுபக்கம். தமிழகத்தில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று காணொளிகள் வடமாநிலங்களில் பரவின. கும்மிடிப்பூண்டி சிப்காட்டின் உருக்காலைகளும் பிற தொழிற்கூடங்களும் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலத்தவர் உழைப்பைப் பெரிதும் சார்ந்தவை. 2018இல் வடவரைக் கண்டு அஞ்சுமாறு தமிழர் தூண்டப்பட்டனர். ஐந்தாண்டுகளுக்குள் தமிழரைக் கண்டு அஞ்சுமாறு வடவர் தூண்டப்பட்டனர். கருவி ஒன்றே. பரவிய காணொளிகளுள் ஒன்று வடமாநிலத் தொழிலாளர்கள் தங்களுக்குள் திருப்பூரில் மோதிக்கொண்டது என்றும், மற்றொன்று கோயம்புத்தூரில் உள்ளூரார் இருதரப்பினரின் மோதல் என்றும் அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு விளக்கினார். தொழிலாளர் குடியிருப்புகளில் இந்தியில் பேசி அச்சம் நீக்கும் முயற்சிகள் மாநிலமெங்கும் நடந்தன.

ஒரு தொழிலாளியின் நிலையிலிருந்து இதை எண்ணிப் பார்க்கலாம். தான் வேலை செய்யும் ஆலையில் அவர் எத்தாக்குதலையும் காணவில்லை. ஊரிலிருந்து தாயும் தம்பியும் அழைத்துத் திரும்பி வருமாறு சொல்கின்றனர். தன் கண்ணை நம்புவதா, தன் இனத்தை நம்புவதா? அஞ்சியவரைப் பேதைமை உடையவர் என்று ஒதுக்கிவிட முடியாது. அவர் கண்டது ஓர் ஆலையை மட்டுமே; மாநிலம் பெரிது. தமிழ்நாட்டுக் காவல்துறையின் மறுப்பும் அவரது நோக்கில் ஒரு தரப்பின் சொல்லே. தெளிதற்கு வேறொரு வாயிலிலிருந்து வந்த சொல் வேண்டும்.

அச்சொல் வந்த விதம் ஒற்றாடல் அதிகாரத்தை நினைவூட்டுகிறது. பீகார் அரசு தன் அலுவலர் குழு ஒன்றைத் தமிழகத்துக்கு அனுப்பியது. அக்குழுவினர் தொழிலாளரை நேரில் சந்தித்தனர். பரவிய காணொளிகள் தாக்குதலைக் காட்டவில்லை என்னும் முடிவுக்கு வந்தனர். செய்தி சரிபார்ப்பாளர்கள் அக்காணொளிகளின் மூலத்தைத் தனியே தேடிக் கண்டனர். தமிழகக் காவல்துறை, பீகார்க் குழு, சரிபார்ப்பாளர் என்னும் மூன்று வாயில்களும் வெவ்வேறு நலன்களை உடையவை. அவை ஒத்துச் சொன்னபோது வதந்தியின் வலு குன்றியது. இதற்குச் சில நாள்கள் பிடித்தன. கும்மிடிப்பூண்டித் தொழிலாளிக்கு அந்நாள்கள் கிடைத்தன. பழவேற்காட்டில் அடிபட்டவர்க்குச் சில மணிநேரமும் கிடைக்கவில்லை.