பால்கனியில் ஒரு வானொலி நிலையம்

நாற்பது மீட்டர் பேண்டில் பேச அரை அலை டைபோல் ஆன்டெனா கட்டுவதென்றால் 20 மீட்டர் கம்பி வேண்டும். சென்னை அடுக்ககத்தின் பால்கனி மூன்று மீட்டரைத் தாண்டுவது அபூர்வம். மொட்டை மாடியோ அசோசியேஷன் வசம். சோலார் ஹீட்டர் வைப்பதற்கே அங்கே பஞ்சாயத்து நடக்கும். வேளச்சேரியில் நான்காம் மாடியில் குடியிருக்கும் ஹாம் (அமெச்சூர் வானொலி ஆர்வலர்) ஒருவர் நாற்பதை விட்டுவிட்டு இருபது மீட்டர் பேண்டுக்கு மாறினார். அதற்குப் பத்து மீட்டர் கம்பி போதும்.

பால்கனி கிரில்லிலிருந்து காம்பவுண்டு ஓர வேப்பமரத்துக்குச் சரிவாக அந்தக் கம்பி போகிறது. மோட்டார் காயில் சுற்றுகிற எனாமல் கம்பிதான். கீழே நின்று அண்ணாந்து பார்த்தாலும் தெரியாது. பலத்த காற்றில் அறுந்துவிடும், வேறொன்றைக் கட்டிக்கொள்வார். ஒரு முனையில் மட்டும் இணைப்புத் தரும் இந்த வகைக்கு 49:1 டிரான்ஸ்ஃபார்மர் தேவை. அதற்கான ஃபெரைட் வளையத்தை வாங்கி வீட்டிலேயே சுற்றிவிடலாம். எந்தக் கம்பியும் மின்வாரிய லைனுக்கு மேலேயோ பக்கத்திலேயோ போகக் கூடாது. இடி மழை வந்தால் கேபிளைக் கழற்றிவிட வேண்டும். இரண்டிலும் சமரசமே கிடையாது.

மரம் இல்லாதவர்களுக்கு மேக்னடிக் லூப் ஆன்டெனா. ஒரு மீட்டர் விட்டத்தில் வளைத்த தாமிரக் குழாய், அதன் இரு முனைகளுக்கு நடுவே ஒரு கண்டென்சர். பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றிய கேங்க் கண்டென்சரே இதற்கு உதவும். அதன் இரண்டு பகுதிகளையும் தொடராக இணைத்தால் தகடுகள் கூடுதல் மின்னழுத்தம் தாங்கும். தாங்கத்தான் வேண்டும்: வெறும் பத்து வாட் அனுப்பினாலே அங்கே மின்னழுத்தம் ஆயிரம் வோல்ட்டையும் தாண்டலாம். ஒலிபரப்பும்போது குழந்தைகள் அருகில் வரக் கூடாது. அலைவரிசையைச் சற்று நகர்த்தினாலும் மறுபடி டியூன் செய்தாக வேண்டும். இத்தனை தொல்லைக்கும் ஈடாக ஒரு வரம் உண்டு. லூப்பைத் திருப்பத் திருப்ப, ஒரு திசையிலிருந்து வரும் இரைச்சல் சட்டென்று அடங்கும்.

அடுக்ககத்தில் ஹாமின் நிஜ எதிரி அசோசியேஷன் செயலாளர் இல்லை, இந்த இரைச்சல்தான். மலிவான எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், லிஃப்ட் மோட்டார் என்று எல்லாம் சேர்ந்து இரையும். நம் ஹாம் பேட்டரி ரேடியோ ஒன்றைக் காதருகே வைத்துக்கொண்டு வீட்டு மெயினை அணைத்தார். இரைச்சலில் பாதி போய்விட்டது. பிறகு ஒவ்வொரு சுவிட்சாகப் போட்டுப் பார்த்ததில், ஹால் டியூப்லைட்டுக்குப் பதிலாகப் புதிதாக மாட்டிய எல்இடி பட்டை பிடிபட்டது. ஆன்டெனாவுக்குச் செலவு செய்வதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது என்பதே என் கட்சி.

குறைந்த வாட், குறைபட்ட ஆன்டெனா இரண்டையும் ஈடுகட்ட எஃப்டி8 இருக்கிறது. நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017-இல் தந்த டிஜிட்டல் முறை. 15 விநாடிக்கு ஒரு சிறு செய்தி. காதுக்கே எட்டாத சிக்னலையும் கணினி பிரித்தெடுத்துவிடும். இருபது மீட்டரில் எல்லோரும் 14.074 மெகாஹெர்ட்ஸிலேயே கூடுவதால் லூப்பை ஒருமுறை டியூன் செய்தால் போதும். அரட்டைதான் அடிக்க முடியாது.

டிஷ் ஆன்டெனாவை யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதும் நல்ல சௌகரியம். மேற்குப் பார்த்த பால்கனியில் ஒரு டிஷ், சாதாரண எல்என்பி, கணினியில் செருகும் எஸ்டிஆர் (மென்பொருள் வானொலி) டாங்கிள் இருந்தால், 2018-இல் ஏவப்பட்ட க்யூஓ-100 செயற்கைக்கோள் வழியே ஹாம்கள் பேசுவதைக் கேட்கலாம்.

"இது செல்போன் டவரா சார்?" என்று அசோசியேஷனில் கேட்கத்தான் செய்வார்கள். ஒளித்துவைப்பதை விட எழுதிக் கேட்பது நல்லது. எத்தனை வாட், எந்த நேரம் என்று கடிதத்தில் சொல்லுங்கள். 2004 சுனாமியின்போது பாரதி பிரசாத் தலைமையிலான ஹாம் குழு போர்ட் பிளேரிலிருந்து செய்திகளை அனுப்பியதையும் குறிப்பிடுங்கள். கூடவே உங்கள் உரிமத்தின் நகலை இணையுங்கள். உரிமம் இன்னும் வாங்கவில்லை என்றால், தேர்வெழுதி அதை வாங்கும்வரை கேட்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.