வீட்டில் ஓடிய நிரல் சேவையகத்தில் ஏன் நின்றது?

பள்ளிக் கூரையில் மழைமானி ஒன்றைப் பொருத்தியிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அதன் அளவீடுகள் மணிக்கு ஒருமுறை ஓர் இணையப் பக்கத்தில் பதிவாகின்றன. உங்கள் குழுவின் கணக்கில் உள்நுழைந்தால்தான் அவற்றைப் பார்க்க முடியும். அதுவும் கடைசி 24 மணி நேர அளவீடுகள் மட்டுமே அங்கு இருக்கும். ஆகவே, ஒவ்வோர் இரவும் அந்தப் பக்கத்தைத் திறந்து எண்களைச் சேமிக்கும் சிறு நிரல் ஒன்றைப் பைத்தான் மொழியில் எழுதுகிறீர்கள். மடிக்கணினியில் அது நன்றாக ஓடுகிறது. நாள் முழுவதும் இயங்கும் லினக்ஸ் சேவையகத்திற்கு மாற்றியதும் முதல் இரவே நின்றுவிடுகிறது. அன்று பெய்த மழையின் கணக்கு போனது போனதுதான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஒரு வாரம் இப்படி விடுபட்டால், ஆய்வின் முடிவையே நம்ப முடியாது.

நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. அப்படியானால் மாறியது எது? அதைக் கண்டுபிடிக்கும் வழியைப் பார்ப்போம்.

உலாவியை இயக்கும் மூவர்

மனிதக் கை படாமல் உலாவியை இயக்கப் பலரும் பயன்படுத்தும் கருவி செலினியம். தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஜேசன் ஹக்கின்ஸ் 2004இல் இதைத் தொடங்கினார். இதில் மூன்று பங்காளிகள் உண்டு. நீங்கள் எழுதிய நிரல் கட்டளை இடுகிறது. டிரைவர் என்னும் இடைநிலை மென்பொருள் அதை உலாவிக்குக் கொண்டு செல்கிறது. உலாவி அதன்படி பக்கத்தைத் திறக்கிறது, பொத்தானை அழுத்துகிறது. குரோம் உலாவியின் முதன்மைப் பதிப்பு எண்ணும் அதன் டிரைவரின் எண்ணும் ஒத்திருக்க வேண்டும். ஒன்று மட்டும் புதுப்பிக்கப்பட்டால் இருவரும் பேசிக்கொள்ள மாட்டார்கள்.

நான்காவதாக, கண்ணில் படாத ஒன்றும் இருக்கிறது. அதுதான் பயனர் சுயவிவரம். குக்கி, சேமித்த கடவுச்சொல், அமைப்புகள், வரலாறு ஆகியவை அடங்கிய ஒரு கோப்புறை அது. லினக்ஸில் குரோம் இதைப் பயனரின் சொந்தக் கோப்புறைக்குள் மறைவாக வைக்கிறது. நீங்கள் ஒருமுறை உள்நுழைந்தால் மறுநாளும் கணக்கு திறந்தே இருப்பது இதனால்தான்.

முதலில் கட்டுப்பாட்டுச் சோதனை

அறிவியல் கூடத்தில் ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டுமே மாற்றுவோம். இங்கும் அதே விதி. இணையத்தில் கிடைக்கும் பத்துத் தீர்வுகளை ஒரே நேரத்தில் நிரலில் ஒட்டினால், எது பலித்தது என்று தெரியாமலே போகும்.

முதலில், சுயவிவரத்தைக் குறிப்பிடும் வரியை மட்டும் நீக்கிவிட்டு நிரலை ஓட்டுங்கள். அப்போது டிரைவர் தற்காலிகமான, வெறுமையான சுயவிவரம் ஒன்றைத் தானே உருவாக்கிக்கொள்ளும். உலாவி திறந்தால், கோளாறு சுயவிவரத்தில் இருக்கிறது. அப்போதும் திறக்கவில்லை என்றால், கோளாறு சேவையகச் சூழலில் இருக்கிறது. ஒரே சோதனையில் பாதி ஐயங்கள் நீங்கிவிடும்.

சூழலில் கோளாறு என்றால்

மூன்றைச் சரிபாருங்கள். முதலாவது, திரை. சேவையகத்தில் பெரும்பாலும் திரை இருக்காது. 2017இல் வந்த குரோம் 59 முதல் உலாவியைத் திரையின்றி இயக்கலாம். அதற்கு ‘ஹெட்லெஸ்’ என்ற தெரிவைச் சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, ஓட்டுபவர் யார் என்பது. ‘நான் யார்’ என்று பொருள்படும் ‘ஹூ-ஆம்-ஐ’ கட்டளையை நிரல் ஓடும் அதே முறையில் ஓட்டிப் பாருங்கள். ‘ரூட்’ என்று விடை வந்தால், குரோம் தன் பாதுகாப்புக் கூண்டுடன் இயங்க மறுக்கும். கூண்டை அகற்றும் தெரிவு ஒன்று இருக்கிறது. ஆனால் அது வலியைத் தீர்க்க வேலியைப் பிடுங்குவது போன்றது. அதைவிட, இந்த வேலைக்கென ஒரு சாதாரணப் பயனர் கணக்கைத் தொடங்குவதே நல்லது.

மூன்றாவது, நினைவகம். டாக்கர் கொள்கலனுக்குள் பகிர்வு நினைவகம் இயல்பாக 64 மெகாபைட் மட்டுமே. கனமான பக்கத்தைத் திறந்தால் குரோம் நடுவிலேயே விழுந்துவிடலாம். கொள்கலனைத் தொடங்கும்போதே அந்த அளவைக் கூட்டிவிடுங்கள்.

சுயவிவரத்தில் கோளாறு என்றால்

‘பயனர் தரவுக் கோப்புறை ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்ற பொருளில் செய்தி வருகிறதா? ஒரு சுயவிவரக் கோப்புறையை ஒரு நேரத்தில் ஒரு குரோம் மட்டுமே பயன்படுத்தலாம். அதற்காகக் குரோம் ‘சிங்கிள்டன்லாக்’ என்ற பூட்டை உள்ளே வைக்கிறது. கணினியின் பெயரும் இயங்கும் செயலின் எண்ணும் அதில் பதிவாகியிருக்கும். நேற்றைய நிரல் பாதியில் அறுந்திருந்தால், அது திறந்த குரோம் பின்னணியில் இன்னும் உயிரோடு இருக்கக்கூடும். முதலில் அதை நிறுத்துங்கள். பிறகு, பிழை நேர்ந்தாலும் உலாவியை மூடும் ‘குவிட்’ கட்டளை கட்டாயம் ஓடும்படி நிரலைத் திருத்துங்கள். ‘குளோஸ்’ கட்டளை சாளரத்தை மட்டுமே மூடும்.

வேறு கணினியிலிருந்து நகலெடுத்த கோப்புறை என்றால், பழைய கணினியின் பெயர் பூட்டில் அப்படியே இருக்கும். எந்தக் குரோமும் அந்தக் கோப்புறையைப் பயன்படுத்தவில்லை என்று உறுதி செய்த பிறகே பூட்டை நீக்கலாம்.

உலாவி திறக்கிறது, ஆனால் உள்நுழைவுப் பக்கத்திலேயே நிற்கிறது என்றால் காரணம் வேறு. விண்டோசில் குரோம் தன் குக்கிகளை அந்தக் கணினியின் பயனர் கணக்கோடு பிணைந்த திறவியால் மறையாக்கம் செய்கிறது. கோப்புறையை லினக்ஸுக்கு நகலெடுத்தாலும் திறவி கூடவே வராது. சேவையகத்திலேயே புதிய சுயவிவரம் ஒன்றைத் தொடங்கி, அங்கேயே ஒருமுறை உள்நுழைவதுதான் வழி.

கோப்புறையா, வீட்டுச் சாவியா?

உள்நுழைந்த சுயவிவரம் உங்கள் வீட்டுச் சாவிக்குச் சமம். அதிலுள்ள குக்கியைத் திருடியவர் கடவுச்சொல் தெரியாமலே உங்கள் கணக்கிற்குள் நுழையலாம். இத்தகைய திருட்டைத் தடுக்கத்தான் 2025இல் வந்த குரோம் 136, இயல்பான சுயவிவரக் கோப்புறையைத் தொலைநிலைப் பிழைநீக்க வழியில் இயக்குவதை நிறுத்தியது. தானியக்கத்திற்குத் தனிக் கோப்புறையைக் காட்ட வேண்டும்.

ஆகவே, வங்கிக் கணக்கும் மின்னஞ்சலும் இருக்கும் உங்கள் அன்றாடச் சுயவிவரத்தைச் சேவையகத்தில் வைக்காதீர்கள். மழைமானிக்கென ஒரு தனிக் கணக்கு, தனிச் சுயவிவரம் போதும். அந்தக் கோப்புறையை அதன் உரிமையாளர் மட்டுமே திறக்கும்படி அனுமதியை 700 என்று அமைத்துவிடுங்கள்.

செய்து பாருங்கள்: ஒரு தாளில் மூன்று பத்திகள் வரையுங்கள். ‘மாற்றியது’, ‘எதிர்பார்த்தது’, ‘நடந்தது’ என்று தலைப்பிடுங்கள். ஒவ்வொரு முயற்சியையும் ஒரு வரியில் எழுதுங்கள். அடுத்த முறை நிரல் நிற்கும்போது, எங்கிருந்து தேடத் தொடங்குவது என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.