தனியார் இயேசு சபைப் பல்கலைக்கழகம்: விண்ணப்பிக்கும் முன்னும் நேரில் காணும்போதும்

ஒவ்வோர் ஆண்டும் சேர்க்கைக் காலத்தில் எங்கள் கிளைகளில் காணும் காட்சி ஒன்று உண்டு. புதன்கிழமை காலையில் தந்தையும் மகளும் வந்து அமர்வார்கள். மகளின் கையில் சேர்க்கைக் கடிதம். தந்தையின் கைப்பையில் வீட்டுப் பத்திரம். பணம் கட்டக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. "இரண்டு நாளில் கடன் கிடைக்குமா?" என்பதே முதற்கேள்வி. அந்தப் பல்கலைக்கழகத்தை அவர்கள் இன்னும் நேரில் கண்டிருக்க மாட்டார்கள். நான்காண்டு முடிவில் மொத்தம் எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும் என்ற கணக்கையும் போட்டிருக்க மாட்டார்கள். இந்த அவசரத்தைத் தவிர்க்கும் வழியை, இயேசு சபையினர் நடத்தும் தனியார் பல்கலைக்கழகங்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு, இக்கட்டுரையில் படிப்படியாகக் காண்போம்.

இயேசு சபையும் கல்வியும்

இஞ்ஞாசியார் தோற்றுவித்த இயேசு சபைக்கு 1540ஆம் ஆண்டில் திருத்தந்தையின் ஒப்புதல் கிடைத்தது. 1548இல் இத்தாலியின் மெசினா நகரில் அச்சபை பள்ளியொன்றைத் தொடங்கியது. அது முதல் கல்விப் பணி அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. தமிழருக்கு இச்சபை புதிதன்று. வீரமாமுனிவர் இச்சபையைச் சேர்ந்தவர். திருச்சி புனித வளனார் கல்லூரி, 1925இல் தொடங்கிய சென்னை இலயோலாக் கல்லூரி ஆகியன இச்சபையின் நிறுவனங்கள். ஒவ்வொரு மாணவரையும் தனித்தனியே அறிந்து, அறிவோடு பண்பையும் வளர்ப்பது இக்கல்வி மரபின் குறிக்கோள். எல்லாச் சமயத்து மாணவரும் இங்குப் பயில்கின்றனர்.

கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு

நாம் முதலில் அறிய வேண்டியது, பட்டம் வழங்குபவர் யார் என்பது. சென்னை இலயோலாக் கல்லூரி தன்னாட்சிக் கல்லூரி. அங்குப் பயின்றவருக்குப் பட்டம் வழங்குவது சென்னைப் பல்கலைக்கழகம். தனியார் பல்கலைக்கழகமோ மாநிலச் சட்டமன்றம் இயற்றிய தனிச் சட்டத்தால் அமைந்து, தானே பட்டம் வழங்குவது.

கிழக்கிந்தியாவில் இத்தகைய இயேசு சபைப் பல்கலைக்கழகங்கள் இரண்டு உள்ளன. ஒன்று புவனேசுவரத்தின் எக்ஸ்ஐஎம் பல்கலைக்கழகம். 1987இல் மேலாண்மை நிறுவனமாகத் தொடங்கி, 2013இல் சேவியர் பல்கலைக்கழகமாகி, 2021இல் இப்போதைய பெயரைப் பெற்றது. மற்றொன்று கொல்கத்தாவின் நியூ டவுனில் 2017இல் தொடங்கிய புனித சேவியர் பல்கலைக்கழகம். 1860இல் தோன்றிய கொல்கத்தா புனித சேவியர் கல்லூரி இதனின்று வேறான நிறுவனம். விண்ணப்பத்தில் இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

'சேவியர்', 'இலயோலா' என்ற பெயரைத் தாங்கிய நிறுவனம் ஒவ்வொன்றும் இயேசு சபையினுடையது அன்று; பெயரைத் தாங்கிக்கொள்ள எவருக்கும் தடையில்லை. ஆகவே பல்கலைக்கழக மானியக் குழுவின் இணையதளத்தில் அப்பெயர் தனியார் பல்கலைக்கழகப் பட்டியலில் உள்ளதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அதே தளத்தில் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலும் உண்டு. சட்டம் போன்ற தொழிற்படிப்பாயின், அதற்குரிய மன்றத்தின் ஏற்பும் தேவை.

விண்ணப்பம்

படிப்புக்குப் படிப்பு தேர்வு முறை மாறும். முதுகலை மேலாண்மைக்கு எக்ஸ்ஐஎம் போன்ற நிறுவனங்கள் ஜாம்ஷெட்பூரின் எக்ஸ்எல்ஆர்ஐ நடத்தும் எக்ஸ்ஏடி தேர்வின் மதிப்பெண்ணை ஏற்கின்றன. அத்தேர்வை எழுதிவிட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனியே விண்ணப்பித்துத் தனியே கட்டணம் செலுத்த வேண்டும். இதை அறியாமல் நல்ல மதிப்பெண் பெற்றும் ஓராண்டை இழப்போர் உண்டு.

நேர்காணலில் மதிப்பெண் மட்டுமே பேசுபொருளாவதில்லை. ஏன் இப்படிப்பு, பிறருக்காக என்ன செய்தீர்கள் என்பன போன்ற வினாக்களையும் எதிர்பார்க்கலாம். மனப்பாடம் செய்த விடையைக் காட்டிலும், பாட்டியின் மருந்துச் சீட்டைப் படித்துச் சொன்ன சிறு அனுபவமேனும் உண்மையாகச் சொல்லப்படின் மேலானது.

சேர்க்கை வாங்கித் தருவதாகக் கூறும் இடைத்தரகரிடம் ஒரு ரூபாயும் கொடுக்க வேண்டா. கட்டணம் பல்கலைக்கழகத்தின் பெயரிலுள்ள கணக்குக்கே செல்ல வேண்டும். தனிநபர் கணக்கைத் தந்தால் அங்கேயே நிறுத்திவிடுக. முன்பணம் கட்டுமுன், சேராவிடில் எந்த நாளுக்குள் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுக.

நேரில் காணல்

சென்னையிலிருந்து புறப்படும் கோரமண்டல் விரைவு வண்டி புவனேசுவரம் வழியாக ஹவுராவின் ஷாலிமார் நிலையம் வரை செல்கிறது. ஆகவே ஒரே பயணத்தில் இரண்டு வளாகங்களையும் கண்டுவரலாம். ஷாலிமார் ஹூக்ளி ஆற்றின் மேற்கே உள்ளது. நியூ டவுனோ நகரின் கிழக்கே, விமான நிலையத்தின் பக்கம். அதற்கேற்ப நேரம் ஒதுக்க வேண்டும்.

வகுப்பு நடைபெறும் நாளில் செல்வது நன்று. விடுமுறை நாளில் கட்டடங்களை மட்டுமே காண இயலும். மாலையில் நூலகத்தில் எத்தனை பேர் அமர்ந்திருக்கிறார்கள் என்று பாருங்கள். உணவுக் கூடத்தில் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரிடம் பேசுங்கள். விடுதிக் கட்டணம் சென்ற ஆண்டை விட எவ்வளவு உயர்ந்தது என்பதை அவர் அறிவார். ஒடிசாவிலும் வங்காளத்திலும் சோறே அன்றாட உணவாதலால், நம் பிள்ளைகளுக்கு உணவு பெருங்கவலை ஆகாது. இரவில் உடல்நலம் குன்றினால் அழைத்துச் செல்லும் மருத்துவமனை எது என்பதைப் பெற்றோர் கேட்டறிய வேண்டும்.

வேலைவாய்ப்பு அறிக்கையைக் கேட்கும்போது மிக உயர்ந்த சம்பளத்தைக் கேட்பதால் பயனில்லை. சராசரியையும் ஒரு சிலரின் பெருஞ்சம்பளம் உயர்த்திவிடும். அனைவரின் சம்பளத்தையும் வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் தொகை எது, படித்தவருள் எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது என்ற இரண்டையும் கேளுங்கள். உங்கள் கடனை அடைக்கப் போவது அந்த நடுத்தொகையே.

கடன் கணக்கு

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டின் தொடக்கந்தோறும் ரூ.5 லட்சம் வீதம் மொத்தம் ரூ.20 லட்சம் கடன்; வட்டி 10 விழுக்காடு என்று கொள்வோம். கல்விக் கடனில் பொதுவாகப் படிப்புக் காலமும் அதன் பின் ஓராண்டும் தவணை இல்லை. ஆயினும் வட்டி நிற்பதில்லை. தனிவட்டியாகக் கணக்கிட்டாலும் முதலாண்டு ரூ.50,000, இரண்டாம் ஆண்டு ரூ.1 லட்சம், மூன்றாம் ஆண்டு ரூ.1.5 லட்சம், அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் ரூ.2 லட்சம் வீதம், ஆக ரூ.7 லட்சம் சேர்ந்துவிடும். கடன் ரூ.27 லட்சமாகும். அதைப் பத்தாண்டில் அடைக்க மாதத் தவணை சுமார் ரூ.35,680.

படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் கட்டிவந்தால் நிலை மாறும். முதலாண்டு மாதம் ரூ.4,167இல் தொடங்கி, நான்காம் ஆண்டு ரூ.16,667 வரை அது உயரும். பின்னர்த் தவணை சுமார் ரூ.26,430 மட்டுமே. மொத்தத்தில் மீதமாவது ஏறத்தாழ ரூ.4.1 லட்சம். படிக்கும்போதே வட்டி கட்டுவோருக்கு வட்டி விகிதத்தில் சலுகை தரும் வங்கிகளும் உண்டு, கிளையில் கேளுங்கள்.

உள்நாட்டுப் படிப்புக்கு ரூ.4 லட்சத்துக்கு மேற்பட்ட கடனில் பொதுவாக 5 விழுக்காடு குடும்பத்தின் சொந்தப் பங்காக இருக்கும். கல்வி உதவித்தொகையையும் அப்பங்கில் சேர்க்கலாம். ரூ.7.5 லட்சத்தைக் கடந்தால் சொத்துப் பிணையம் கேட்கப்படுவது வழக்கம். பத்திரத்தைச் சட்ட வல்லுநர் ஆராய நாட்கள் பிடிக்கும். இரண்டு நாளில் அது முடியாது. வருமான வரியைப் பழைய முறையில் செலுத்துவோர், கட்டிய வட்டி முழுவதற்கும் எட்டாண்டுகள் வரை கழிவு பெறலாம்.

ஆகவே சேர்க்கைக் கடிதம் வருமுன்பே கிளைக்கு வருக. மதிப்பெண் பட்டியல், வருமானச் சான்று, பல்கலைக்கழகத்தின் கட்டண அட்டவணை, சொத்து ஆவணங்களின் நகல் ஆகியவற்றைக் கொணர்க. மகளையும் உடன் அழைத்து வருக. கடனில் கையொப்பமிடுபவரும் அதை அடைக்கப் போகிறவரும் அவரே. மாதத் தவணை எவ்வளவு என்பதை எல்லாருக்கும் முன்னதாக அவர் அறிந்திருக்க வேண்டும். அத்தொகையைக் கேட்ட பின்னும் இப்படிப்பே வேண்டும் என்று அவர் தெளிந்து சொன்னால், பத்திரத்தைத் தயங்காது எடுத்துத் தரலாம்.