பாறையில் பெயர் கிறுக்குவதைத் தடுக்க: ஊர்க்குழு தொடங்குவோருக்கு முழுமையான வழிகாட்டி

மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் ஏறிப் பழகியவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. சமணத் துறவிகளுக்காக வெட்டிய கற்படுக்கையின் மேல் காதலர் பெயர்கள், அம்பு பாய்ந்த இதயம், கல்லூரி முடித்த ஆண்டு, எனாமல் பெயின்டில் கட்சிச் சின்னம். தலைக்கு மேலே, மழைநீர் உள்ளே வராமல் வெட்டிய விளிம்பை ஒட்டி, 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி (தமிழ்-பிராமி) எழுத்து.

எல்லாக் குன்றுக்கும் காவலாள் போட எந்தத் துறையாலும் முடியாது. அடிவாரத்து ஊர் மனம் வைத்தால் முடியும். அப்படி ஒரு குழு தொடங்க நினைப்பவர்கள் ஒன்றை முதலிலேயே மனதில் வைக்க வேண்டும். எழுதவிடாமல் தடுப்பதுதான் ஊரின் வேலை. பழைய கல்லின் மேல் எழுதியதை அழிக்கும் வேலையில் ஊர் கைவைக்கக் கூடாது. நல்ல எண்ணத்தோடு தேய்த்தவர்களால் கெட்டுப்போன கற்களும் உண்டு.

முதல் படி: மலை யார் பொறுப்பில் இருக்கிறது?

அடிவாரத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் பலகை இருந்தால், அது 1958ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் கீழ் வரும் சின்னம். அதைச் சேதப்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறைப் பலகை இருந்தால் 1966ஆம் ஆண்டு மாநிலச் சட்டம் பொருந்தும். எந்தப் பலகையும் இல்லையென்றால் கிராம நிர்வாக அலுவலரிடம் புல எண்ணைக் கேட்டு, நிலம் வருவாய்த் துறையுடையதா, வனத்துறையுடையதா, கோயிலுடையதா என்று தெரிந்துகொள்ளுங்கள். யாரிடம் மனு கொடுப்பது என்பது அதைப் பொறுத்தது.

அடுத்தது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும். குன்றைக் காப்பதற்கு ஊர் ஒப்புகிறது என்று தீர்மானம் போட்டு நகல் வாங்கி வையுங்கள். பாதுகாக்கப்படாத குன்று என்றால், அதைப் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கும்படி அதே தீர்மானத்தில் கேளுங்கள். தனி ஆளாகக் கொடுக்கும் மனுவைவிட இந்தக் காகிதத்துக்கு மதிப்பு அதிகம்.

இரண்டாம் படி: இருப்பதைப் படமெடுத்து வையுங்கள்

எங்கெங்கே என்ன கிறுக்கல் இருக்கிறது என்று தேதியோடு படமெடுங்கள். பக்கத்தில் ஓர் அளவுகோலைப் பிடித்துக்கொள்ளலாம். கல்லில் ஒட்டக் கூடாது. இந்தப் படங்கள் இல்லாமல், அடுத்த மாதம் பார்க்கும் பெயர் புதியதா பழையதா என்று சொல்ல முடியாது.

கல்வெட்டைப் படமெடுக்கச் சாய்வெயில் போதும். காலையிலோ மாலையிலோ வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது, நண்பகலில் கண்ணுக்கே தெரியாத எழுத்தும் நிழலோடு எழுந்து நிற்கும். குகைக்குள் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்து தெளிவாகத் தெரியட்டும் என்று சாக்பீஸால் தீட்டுவதும், பள்ளத்தில் வெள்ளைப் பெயின்ட் நிரப்புவதும் கூடவே கூடாது. தமிழியில் எழுத்தை ஒட்டிய ஒரு சிறு கோடுதான் குறிலா நெடிலா என்பதைச் சொல்கிறது. சிலவற்றில் ஒரு புள்ளிதான் மெய்யைக் காட்டுகிறது. தீட்டுபவர் தனக்குத் தோன்றியபடி கோட்டை நீட்டினாலோ, கிறுக்குபவரின் ஆணி அந்த இடத்தில் இழுத்தாலோ, அடுத்து வருபவர் வாசிக்கும் சொல்லே மாறிவிடும். மதுரை அருகே மாங்குளம் குன்றின் கல்வெட்டுகளையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலேய அதிகாரி ராபர்ட் சிவெல் அவற்றைக் கண்டது 1882இல். அவை தமிழ் என்று கல்வெட்டறிஞர் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவியது 1924இல். பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரைத் தாங்கிய அந்த வரிகள் இடைப்பட்ட 42 ஆண்டுகளில் சிதைந்திருந்தால் ஐயருக்குப் படிக்க எதுவும் மிஞ்சியிருக்காது. இன்னும் சரியாகப் படிக்கப்படாத கல்வெட்டு உங்கள் குன்றிலும் இருக்கலாம்.

மூன்றாம் படி: சரியான ஆட்களைச் சேருங்கள்

மலையில் புதிதாக யார் ஏறினாலும் முதலில் பார்ப்பவர் ஆடு மேய்ப்பவர். அடுத்து டீக்கடைக்காரர், அய்யனார் கோயில் பூசாரி. இவர்கள் இல்லாமல் படித்த இளைஞர்கள் மட்டும் சேர்ந்த குழுவை நான் நம்ப மாட்டேன். பள்ளியில் தொன்மைப் பாதுகாப்பு மன்றம் இருந்தால் அதன் ஆசிரியரையும் அழையுங்கள்.

நான்காம் படி: வருபவரை வரவேற்றுத் தடுப்பது

காணும் பொங்கல், தேர்வு முடியும் நாள், ஞாயிறு மதியம்: கிறுக்கல் கூடுவது இந்த நேரங்களில்தான். அன்று இரண்டிரண்டு பேராக மேலே இருங்கள். கையில் கம்பு வேண்டாம். "எங்கிருந்துண்ணே வர்றீங்க? வாங்க, கல்வெட்டைக் காட்டுறேன்" என்று ஒரு பையனோ பெண்ணோ முன்னால் நடந்தால் போதும். பெயர் எழுத ஆணி எடுப்பதெல்லாம் யாரும் பார்க்காத வேளையில் நடப்பது.

அதனால் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழி வாசிக்கக் கற்றுக்கொடுங்கள். உட்கார்ந்து படித்தால் சீக்கிரம் பிடிபடும். மதுரையில் பசுமை நடை என்ற குழு இதைப் பெரிய அளவில் செய்துகாட்டியிருக்கிறது. மக்களைக் குன்றுக்கே அழைத்துப்போய், அறிஞர்களை அங்கேயே பேசவைக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் ஒரு கேள்வி கட்டாயம் வரும்: "அந்தக் காலத்திலும் பெயரைத்தானே வெட்டினாங்க?" பதிலைத் தயாராக வைத்திருக்கட்டும். இந்தப் படுக்கையை யார், யாருக்காகக் கொடுத்தார் என்ற கொடைப் பதிவு அது. அதன் மேல் வெட்டுவது பத்திரத்தின் மேல் மையைக் கொட்டுவதற்குச் சமம்.

பலகையில் "எழுதாதீர்" என்று மட்டும் போட்டால் யாரும் நின்று படிப்பதில்லை. கல்வெட்டின் வரியையும் அதன் பொருளையும் பெரிதாகப் போட்டு, கீழே தண்டனையை எழுதுங்கள். மத்தியப் பாதுகாப்புச் சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் கட்டுமானத்துக்குத் தடை உண்டு. பலகைக்குக் குழி தோண்டும் முன் துறையின் அனுமதி வாங்குங்கள். பாறையில் ஆணி அடித்து மாட்டவே வேண்டாம். அடிவாரக் கடையில் ஒரு வருகைப் பதிவேடு வைத்தால், பெயர் எழுதும் ஆசைக்கு அதுவே இடம்.

ஐந்தாம் படி: அழிக்கும் வேலையைத் துறையிடம் விடுங்கள்

கம்பித் தூரிகை, ஆசிட், தின்னர், உப்புக் காகிதம் எதுவும் மேலே போகக் கூடாது. கோயில்களில் மணல் வீச்சு முறையில் கல்லைச் சுத்தம் செய்யப்போய், சிற்பங்களின் முகமும் கல்வெட்டின் விளிம்பும் மழுங்கியதைத் தமிழகம் பார்த்திருக்கிறது. துறை வல்லுநர்கள் முதலில் ஒரு மூலையில் சோதித்துப் பார்ப்பார்கள். பிறகு கரைப்பானைக் காகிதக் கூழில் ஊறவைத்துப் பெயின்ட் மேல் அப்பி, இளகியதும் மென்தூரிகையால் எடுப்பார்கள். ஆணியால் கீறியது அப்படிப் போகாது.

விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் உள்ளதைப் போன்ற பாறை ஓவியம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். புதுப் பெயின்ட்டைக் கரைப்பது அடியிலுள்ள பழைய காவி நிறத்தையும் கொண்டுபோய்விடும். நிறம் பளிச்சென்று தெரியத் தண்ணீர் தெளிப்பதும் கெடுதல்.

ஆறாம் படி: சாதாரணச் சுவரை உடனே சுத்தம் செய்யுங்கள்

அடிவாரத்து நிழற்குடை, கழிப்பறைச் சுவர், தண்ணீர்த் தொட்டி இவற்றில் ஊர் தாராளமாகக் கைவைக்கலாம். பராமரிக்கும் ஊராட்சியிடம் சொல்லிவிட்டு, படமெடுத்துக்கொண்டு, மறுநாளே அதே நிறத்தில் பூசுங்கள். வேறு நிறத் திட்டு தெரிந்தால் அதுவே அடுத்தவரை எழுத அழைக்கும்.

வேகம் ஏன் முக்கியம் என்பதை நியூயார்க் சுரங்க ரயில் காட்டியது. 1984 முதல், சுத்தமாக்கிய பெட்டிகளில் மறுபடி எழுதினால் அதைத் துடைக்கும் வரை ஓட்டுவதில்லை என்று வைத்துக்கொண்டார்கள். பெயர் ஊர் முழுக்க ஓடாவிட்டால் எழுதுபவருக்கு என்ன மிச்சம்? 1989 மே மாதம் கிறுக்கலோடு ஓடிய கடைசி ரயிலையும் நிறுத்தினார்கள். அதே 1984இல் பிலடெல்ஃபியா நகரம், சுவரில் எழுதிய இளைஞர்களையே ஜேன் கோல்டன் என்ற ஓவியரிடம் சேர்த்துச் சுவரோவியம் வரைய வைத்தது. நிழற்குடைச் சுவரை உங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அப்படிக் கொடுத்துப் பாருங்கள்.

ஏழாம் படி: கையும் களவுமாகப் பிடித்தால்

அடிக்காதீர்கள், போனைப் பிடுங்காதீர்கள். பாதுகாக்கப்பட்ட சின்னம் என்றால் துறைக்கும் காவல் நிலையத்துக்கும் தகவல் சொல்வது கடமை. பள்ளிப் பிள்ளைகள் என்றால் ஆசிரியரையும் வரவழையுங்கள்.

கிறுக்கல் படங்களை முகநூலில் போடும் பழக்கத்தை மட்டும் குழுவில் யாருக்கும் அனுமதிக்காதீர்கள். பாறையில் இருப்பது பெரும்பாலும் ஓர் ஆணின் பெயரும் ஒரு பெண்ணின் பெயரும். அந்தப் பெண்ணுக்குத் தெரியாமலே எழுதியதாகவும் இருக்கலாம். சாதி பார்த்துக் காதலைக் கொல்லும் ஊர்களில் அந்தப் படம் யார் கையில் போய்ச் சேரும் என்று நமக்குத் தெரியாது. குழுவின் கோப்பிலும் துறைக்குத் தரும் மனுவிலும் தவிர அந்தப் படம் வேறெங்கும் போக வேண்டாம்.