மாட்டின் என்னும் பெயரும் அது வந்த வழிகளும்

மக்களுக்கும் ஊர்களுக்கும் வழங்கும் பெயர்களை ஆராய்தல் மொழி கற்பார்க்கு இன்பமும் பயனும் ஒருங்கே தரும் முயற்சியாகும். நம் இலக்கண நூலார் பெயர்களை இடுகுறி, காரணம் எனப் பகுத்தோதினர். காரணப் பெயராய்த் தோன்றிய ஒன்று, அக்காரணம் மறக்கப்பட்ட பின்னர் இடுகுறி போலவே வழங்குதலும் உண்டு. அவ்வாறு காரணம் மறைந்த பெயர்களைக் கொண்டு, இன்னார் இன்னாருக்கு உறவினர் என்றும், இவ்வூர் இன்னாரால் அமைந்தது என்றும் முடிபு கூறுவோர் நம்மிடைப் பலர். ஒலியொற்றுமை ஒன்றே அவர்க்குச் சான்று. அம்முறை எத்துணை வழுவுடையதென்பதை, நம் செவிக்குப் பழகிய ஒரு பிரெஞ்சுக் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு நோக்குவாம். அது மாட்டின் என்பதாம்.

யாழ்ப்பாணப் பட்டினத்தில் மாட்டின் வீதி உண்டு. புனித மாட்டினார் பெயரால் ஒரு குருமடமும் உண்டு. யாழ்ப்பாணத்தைப் பற்றிய குறிப்புகளைத் தொகுத்து 1923ஆம் ஆண்டில் ஆங்கில நூலாக வெளியிட்டவர் ஜோன் எச். மாட்டின் என்பார். புதுச்சேரியைப் பிரெஞ்சுக்காரரின் தலைநிலையமாக வளர்த்தவர் ஒரு மாட்டின். இலக்னோ நகரிற் பெருஞ்செல்வராய் வாழ்ந்து, கல்விக்கூடங்களுக்குத் தம் பொருளை விட்டுச் சென்றவரும் ஒரு மாட்டின். இவரெல்லாம் ஒரு குடியின் கிளையினரோ? ஒவ்வொன்றாகக் காண்பாம்.

பெயரின் பிறப்பு

இப்பெயரின் வேர் இலத்தீன் மொழியிலுள்ளது. பண்டை உரோமர் வணங்கிய போர்த்தெய்வம் மார்சு. அத்தெய்வத்துக்குரியவன் என்னும் பொருளில் மார்த்தீனுசு என்னும் பெயர் பிறந்தது. மார்ச்சு மாதம் பெயர் பெற்றதும் அத்தெய்வத்தாலேயே. செவ்வாய்க் கோளுக்கும் உரோமர் அப்பெயரையே இட்டனர். பிரெஞ்சு மொழியில் செவ்வாய்க்கிழமையைக் குறிக்கும் 'மார்தி' என்னும் சொல்லும் மார்சின் நாள் என்றே பொருள்படும். முருகனைப் போர்க்கடவுளாகவும் செவ்வேளாகவும் போற்றும் நாம், மக்களுக்குக் கந்தையா எனவும் முருகேசு எனவும் வேலுப்பிள்ளை எனவும் பெயரிடுகின்றோம். உரோமர் மார்த்தீனுசு எனப் பெயரிட்டதும் அத்தகையதே. ஆகவே அது தொடக்கத்தில் ஒருவனுக்கு இடும் இயற்பெயரேயன்றிக் குடும்பப் பெயரன்று.

அப்பெயரை ஐரோப்பா எங்கும் பரப்பியவர் ஒருவர். ஏறத்தாழ 316ஆம் ஆண்டில், இன்று அங்கேரி நாட்டிலுள்ள சவாரியா என்னும் ஊரில், உரோமப் படைத்தலைவர் ஒருவரின் மகனாக அவர் பிறந்தார். போர்த்தெய்வத்தின் பெயரைத் தந்தை மகனுக்கு இட்டார். இளமையிற் படையிற் சேவித்த அம்மகன், அமியான் நகரின் வாயிலிற் குளிரால் நடுங்கிய இரவலன் ஒருவனுக்குத் தன் மேலாடையை வாளால் இருகூறாக்கி ஒரு கூற்றை ஈந்தான் என்பது அவர் வரலாற்றிற் பெரிதும் பேசப்படும் நிகழ்ச்சி. பின்னர்ப் படைத்தொழிலைத் துறந்து, 371இல் தூர் நகரின் ஆயராகி, 397இல் மறைந்தார். போர்த்தெய்வத்தின் பெயர் பூண்டவர் ஈகைக்கு எடுத்துக்காட்டாயினமை நோக்கத்தக்கது. முல்லைக்குத் தேரீந்த பாரியையும், மயிலுக்குப் போர்வையீந்த பேகனையும் அறிந்த நமக்கு இவ்வீகையின் அருமை விளங்காமற் போகாது.

அவர் ஈந்தது போக எஞ்சிய மேலாடையைப் பிராங்கு இன அரசர் பெருநிதியாகப் போற்றினர். மேலாடைக்கு இலத்தீனில் 'கப்பா' என்பது பெயர். சிற்றாடை 'கப்பெல்லா' எனப்பட்டது. அதனைக் காத்த இடமும் அப்பெயர் பெற்றது. ஆடையின் பெயர் அதனை வைத்த இடத்துக்கு ஆகிவந்தமையின் இதனை ஆகுபெயர் என்க. காலப்போக்கிற் சிற்றாலயம் எதற்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. பிரெஞ்சு மொழியில் அது 'சப்பல்' என்றாயிற்று. இச்சொல்லை நினைவிற் கொள்க. மீண்டும் இதனிடம் வருவோம்.

குடும்பப் பெயரானமை

தூர் நகரத்து ஆயரின் புகழால் பிரான்சு நாட்டில் ஊர்தோறும் குழந்தைகளுக்கு அவர் பெயர் இடப்பட்டது. பதினோராம் நூற்றாண்டிற்குப் பின்னர், தந்தையின் பெயரே மக்களுக்கும் பேரர்க்கும் தொடர்ந்து நின்று குடும்பப் பெயராக இறுகலாயிற்று. 1539இல் அந்நாட்டு அரசர் திருமுழுக்குப் பதிவேடுகளை எழுதிவைக்க ஆணையிட்டார். 1794இற் பிறந்த சட்டம் ஒன்று, பிறப்புப் பதிவிற் கண்ட பெயரையன்றி வேறு பெயர் பூணலாகாதென விதித்தது. வழக்காயிருந்தது சட்டமாயிற்று, நெகிழ்ந்திருந்தது கல்லாயிற்று.

இதன் விளைவு யாதெனின், ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல்லாயிரம் குடும்பங்கள் ஒரே பெயரைப் பெற்றன. பிரான்சில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர் மாட்டினே. 1891 முதல் 1990 வரை அந்நாட்டிற் பிறந்தோருள் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் இப்பெயரினர். புனித மாட்டின் என்னும் அடையோடு கூடிய ஊர்கள் அங்கு இருநூறுக்கு மேலுள்ளன. இப்பெயரினர் அனைவரும் ஒருகுடிப் பிறந்தோர் எனல், யாழ்ப்பாணத்துக் கந்தையாக்கள் அனைவரும் உடன்பிறந்தோர் எனல் போலாகும்.

மற்றொன்றும் அறிக. ஒலியொத்தவை எல்லாம் ஒரு வேரின அல்ல. மேற்கிந்தியத் தீவுகளுள் செயின்ற் மாட்டின் என்பது புனிதர் பெயரால் அமைந்தது. அதனையடுத்து எண்ணப்படும் மார்த்தினிக்கு என்னும் தீவோ, அங்கு வாழ்ந்த பழங்குடியினர் வழங்கிய பெயரின் திரிபு என்பர். எழுத்தை மட்டும் நோக்குவோர் இரண்டையும் ஒன்றெனவே மயங்குவர்.

கீழைநாடு வந்த இருவர்

பிரான்சுவா மாட்டின் 1634இற் பாரிசு நகரிற் பிறந்தவர். 1672இல் பிரெஞ்சுக் கடற்படையொன்று திருகோணமலைக்கு வந்து, கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் நட்பை நாடி, ஒல்லாந்தரால் தடைப்பட்டு, சோழமண்டலக் கரைக்குச் சென்று சாந்தோமைக் கைப்பற்றிய வரலாறு நாம் அறிந்ததே. அச்சாந்தோம் முற்றுகையிடப்பட்டிருந்த காலத்தில், 1674இல், அங்கிருந்து புதுச்சேரிக்கு அனுப்பப்பட்டவரே இவர். 1693இல் ஒல்லாந்தர் அந்நகரைப் பறித்தனர். உடன்படிக்கையின்படி 1699இல் அது மீண்டது. மாட்டின் திரும்பிவந்து அதனை வளர்த்து, 1706ஆம் ஆண்டின் இறுதி நாளில் அங்கேயே உயிர் நீத்தார். அவர் பெயரால் ஒரு வீதி இன்றும் அந்நகரில் உண்டு.

குளோது மாட்டின் 1735இல் இலியோன் நகரிற் பிறந்தவர். இளமையிற் படைவீரராகப் புதுச்சேரிக்கு வந்தார். 1760இல், அந்நகர் ஆங்கிலேயரால் நெருக்கப்பட்ட காலத்தில், ஆங்கிலேயர் பக்கம் சேர்ந்தார். பின்னர் இலக்னோவிற் குடியிருந்து பெரும்பொருள் ஈட்டி, 1800இற் காலமானார். மணம் செய்யாத அவருக்கு மகப்பேறு இல்லை. தம் பொருளால் இலக்னோ, கல்கத்தா, இலியோன் என்னும் மூன்று நகர்களிலும் பள்ளிகள் அமைக்கப் பணித்தார். 'லா மார்த்தினியேர்' எனப்படும் அப்பள்ளிகள் அவர் பெயரை நிலைநிறுத்தின. மக்களாற் பெயர் நிலைத்தோர் பலர். மாணாக்கராற் பெயர் நிலைத்தோர் இவர் போல்வார் சிலர்.

இவ்விருவரும் ஒரே பெயரினர், ஒரே நாட்டினர், ஒரே நகரில் வெவ்வேறு காலத்து வாழ்ந்தோர். ஆயினும் பெயரொற்றுமை ஒன்றே அவரிடை உறவுக்குச் சான்றாகாது.

யாழ்ப்பாணம் வந்த வழி

நம் நாட்டுக்கு இப்பெயர் வந்த வழி இன்னும் வியப்புடையது. இங்கிலாந்தின் கோண்வால் நாட்டில் 1781இற் பிறந்த கென்றி மாட்டின் என்னும் பாதிரியார், இந்தியாவுக்கு வந்து, விவிலியத்தின் புதிய ஏற்பாட்டை உருது, பாரசீக மொழிகளிற் பெயர்த்து, 1812இல் துருக்கி நாட்டிற் காலமானார். அவர் யாழ்ப்பாணத்துக்கு வந்தவரல்லர். ஆயினும் 1841இல் யாழ்ப்பாணத்தில் 'உதயதாரகை' என்னும் பத்திரிகை தோன்றியபோது அதன் ஆசிரியர் இருவருள் ஒருவர் பெயர் கென்றி மாட்டின்! மற்றவர் பெயர் சேத் பேசன். இருவரும் தமிழர், வட்டுக்கோட்டைச் செமினரியோடு தொடர்புடைய ஆசிரியர்.

இது நேர்ந்தவாறு என்னையெனின், 1816இல் இங்கு வந்த அமெரிக்க மிசனரிமார் தம் விடுதிப் பள்ளிகளிற் சேர்ந்த மாணவர்க்கு, பொருளுதவி செய்த அமெரிக்க நன்கொடையாளர் விரும்பிய பெயர்களை இட்டனர். நன்கொடையாளர் சிலர் தம் பெயரைத் தந்தனர். சிலர் தாம் போற்றிய பெரியோர் பெயரைத் தந்தனர். கறல் விசுவநாதபிள்ளை, ஆணல்ட் சதாசிவம்பிள்ளை, நெவின்சு சிதம்பரப்பிள்ளை என்னும் பெயர்களெல்லாம் இவ்வாறு அமைந்தனவே. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரான விசுவநாதபிள்ளை பின்னாளிற் சைவத்துக்கு மீண்டபோதும், கறல் என்னும் பெயர் அவரை விட்டு நீங்கிற்றிலது. சமயம் மாறியது; ஏட்டிற் பதிந்த பெயர் மாறவில்லை.

பாருங்கள்: உரோமத் தெய்வத்தின் பெயர் ஒரு துறவியின் பெயராகி, பிரான்சிற் குடும்பப் பெயராகி, ஆங்கிலக் கடல் கடந்து, அமெரிக்க நன்கொடை வழியாக வட்டுக்கோட்டை வந்து சேர்ந்தது. இத்தனை தூரம் வந்த பெயரோடு ஒரு துளிக் குருதியேனும் வந்ததில்லை.

எழுத்துத் தரும் குறிப்பு

இங்கே தமிழ் மாணவர் கருதத்தக்கது ஒன்றுண்டு. பிரெஞ்சுக்காரர் இப்பெயரிலுள்ள மெய்யைப் பல்லிடத்து ஒலிப்பர். ஆதலின் அது தமிழிற் தகரமாய், மர்த்தேன் என்பதுபோல் வரும். ஆங்கிலேயர் நாவை அண்பல்லின் மேலே வைத்து ஒலிப்பர்; நாம் அதனை டகரமாக்கி மாட்டின் என எழுதுகின்றோம். இடையிலுள்ள ரகரம் ஆங்கில ஒலிப்பிற் கரைதலால் நம் எழுத்திலும் கரைந்தது. எனவே தகரம் நின்றாற் பிரெஞ்சு வழி அல்லது போர்த்துக்கேய வழி எனவும், டகரம் நின்றால் ஆங்கில வழி எனவும் ஐயுறலாம். ஆயினும் இது குறிப்பேயன்றி முடிந்த சான்றன்று. ஒரு வீதியின் பெயர்ப்பலகையை மட்டும் பார்த்து, அதற்குரியவர் புனிதரோ, பாதிரியாரோ, உத்தியோகத்தரோ எனத் துணிதல் தகாது. பெயரிட்டார் யார், இட்ட காலம் எது, இட்ட காரணம் யாது என்னும் மூன்றையும் ஆவணங்கொண்டு தெளிதலே நெறி. ஒல்லாந்தர் நெடுந்தீவுக்கு டெல்வ்ற் எனத் தம் நகரொன்றின் பெயரை இட்டனர். ஆங்கிலத்தில் அது இன்றும் வழங்குகின்றது. அதனாலே நெடுந்தீவார் ஒல்லாந்தராயினரோ?

நம்மவர் பெயர்க்கு நேர்வது

இவ்வாராய்ச்சி பழங்கதையன்று, நம் வீட்டு வாயிலில் நிற்பது. யாழ்ப்பாணத்தார்க்குக் குடும்பப் பெயர் என்பதொன்றில்லை. தந்தை பெயரை முன்னும் தம் பெயரைப் பின்னும் எழுதுதலே மரபு. தலைமுறைதோறும் முற்பெயர் மாறும். 1983ஆம் ஆண்டுக் கலவரத்தின் பின்னர் நம்மவர் பல்லாயிரவர் பிரான்சு முதலிய நாடுகளுக்குச் சென்றனர். பாரிசில் அவர் கடைகள் நிறைந்த பகுதியின் பெயர் லா சப்பல். ஆம், மாட்டினார் மேலாடையிற் பிறந்த அச்சொல்லே அது. 1860இற் பாரிசோடு இணைக்கப்பட்ட அவ்வூர்ப்பக்கத்தில், 1985இல் நிறுவப்பட்ட மாணிக்க விநாயகர் ஆலயத்தின் தேர் இன்று வீதியுலா வருகின்றது.

அந்நாட்டுப் பதிவேடு குடும்பப் பெயர் யாதென வினவும். கந்தையாவின் மகன் சிவபாலன் தன் தந்தை பெயரை எழுதினான் என்க. அவன் பிள்ளைக்கும் பேரனுக்கும் இனிக் கந்தையாவே குடும்பப் பெயர். நல்லூர்க் கந்தையாவின் வழியினரும் காரைநகர்க் கந்தையாவின் வழியினரும் உறவின்றியே ஒரு பெயரினராவர். வேறொரு நாட்டிற் குடியேறிய அவன் தம்பி தன் பெயரையே குடும்பப் பெயராக எழுதினால், ஒரு வயிற்றுப் பிறந்த இருவரின் மக்கள் வேறு வேறு பெயரினராவர். பிரான்சு நாட்டார்க்குப் பதினோராம் நூற்றாண்டு முதல் நேர்ந்தது நமக்கு இந்த நாற்பதாண்டில் நேர்ந்துவிட்டது. நூறாண்டு கழித்து அம்மக்கள் தம் பெயரைப் பார்த்து எதனை அறிவர்? உறவல்லாரை உறவென்றும், உறவினரை அயலாரென்றும் கருத இடமுண்டு.

இதற்கு மருந்து எளிது. ஒவ்வொரு குடும்பத்தாரும் ஒரு தாளில், இப்பெயர் இன்ன ஊர் இன்னாருடையது, அவருக்கு அதனை இட்டவர் இன்னார், எம் பதிவேட்டில் அது புகுந்த ஆண்டு இது எனத் தமிழில் எழுதி வைத்தல் வேண்டும். பள்ளிக்கூடத்துச் சேர்வுப் பதிவேடுகள் மாணவன் பெயர், தந்தை பெயர், ஊர், சேர்ந்த நாள் என்பவற்றைத் தாங்கியுள்ளன. அவை கட்டணக் கணக்கோடு கழித்துவிடப்படும் கடுதாசிகள் அல்ல. நம் குடிவரலாற்றின் மூலவோலைகள். அவற்றைச் செல்லரியாது காத்துப் படியெடுத்து வைத்தல் பழைய மாணவர் சங்கத்தார்க்கு யூபிலி ஆண்டிலே தக்க பணியாகும் என்பது நம் விண்ணப்பம். வெளிநாட்டிலிருந்து பேரன் ஒருவன் தன் பெயரின் வழியைத் தேடிக்கொண்டு இவ்வாயிலுக்கு வருங்கால், அவனுக்கு ஊகத்தை விடையாகக் கொடாது, ஏட்டைப் பிரித்துக் காட்ட நம்மால் இயலவேண்டும்.