இரண்டு சென்டா, ஐந்து சென்டா? மனை அளவு பற்றிக் கிராம சபையில் கேட்க வேண்டியவை

வெளிநாட்டில் உழைத்த பணம், சீட்டு எடுத்த தொகை, வீட்டுப் பெண்களின் நகை எல்லாம் சேர்த்து நம் குடும்பங்கள் வாங்கும் ஒரே சொத்து பெரும்பாலும் ஒரு மனைதான். அதனால்தான், ஊரை ஒட்டி மனைப்பிரிவு வருகிறது என்றால் முதலில் எழும் வாதம், "மனை எத்தனை சென்ட்?" என்பது. சிறிதாகப் பிரித்தால் ஏழைக்கும் கிடைக்கும் என்பார்கள் ஒரு சாரார். ஊர் நெருக்கடியாகும், கிணற்று நீர் கெடும் என்பார்கள் மறு சாரார். கீழவைப்பார் போன்ற கடற்கரை ஊரில் இரண்டிலும் உண்மை இருக்கிறது.

கணக்கு

ஒரு ஏக்கர் என்பது 100 சென்ட். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. உதாரணமாக, ஒரு ஏக்கரில் கால் பங்கு சாலைக்கும், மீதியில் 10 சதவீதம் பொது இடத்துக்கும் போகிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சிய இடத்தில் ஐந்து சென்ட் மனை போட்டால் 13 வரும். இரண்டு சென்ட் மனை போட்டால் 33 வரும். சென்ட் ஒரு லட்சம் என்றால், முதல் வகையில் ஐந்து லட்சம் இல்லாதவர் உள்ளேயே வர முடியாது. இரண்டாவதில் இரண்டு லட்சம் போதும்.

பெரிய மனையே வேண்டும் என்று விதி வைப்பது ஏழைக்குக் கதவை அடைப்பதாக முடியலாம். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் மவுண்ட் லாரல் என்ற ஊரின் நில விதிகள் அப்படித்தான் இருந்தன. பெரிய மனைகளில் தனி வீடுகளுக்கே இடம் கிடைத்தது. குறைந்த வருமானக்காரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். எளியவர்கள் வாழவும் ஊர் இடம் தர வேண்டும் என்று 1975-இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தண்ணீர்

ஆனால் 33 வீடு என்றால் 33 செப்டிக் டேங்க். குடிநீர்க் கிணற்றுக்கும் கழிவுநீர் உறிஞ்சு குழிக்கும் இடையே குறைந்தது 18 மீட்டர், அதாவது ஏறக்குறைய 60 அடி இருக்க வேண்டும் என்கிறது இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நெறிமுறை. இரண்டு சென்ட் மனை 22 அடிக்கு 40 அடிதான். கிணறும் குழியும் அதற்குள் இந்த இடைவெளியில் அமையவே முடியாது. தன் மனைக்குள் சரியாக வைத்தாலும் பக்கத்து வீட்டுக் குழி அருகில் வந்துவிடும். மணல் பூமியில் மேல்மட்டத்தில் நிற்கும் நல்ல நீருக்கு இது பெரிய ஆபத்து.

அமெரிக்காவின் ஹூஸ்டன் மாநகராட்சி 1998-இல் நகரின் உள்பகுதியில் மனையின் குறைந்தபட்ச அளவை 5,000 சதுர அடியிலிருந்து 1,400 சதுர அடி வரை குறைக்க வழிவிட்டது. பல வீடுகள் எழுந்தன. ஆனால் அங்கே குழாய் நீரும் பாதாளச் சாக்கடையும் ஏற்கெனவே இருந்தன. நமக்கு அதுதான் பாடம். மனை சிறிதாகலாம், ஆனால் பொதுக் குடிநீரும் பொதுக் கழிவு ஏற்பாடும் முதலில் வர வேண்டும்.

பாதை

சிறிய மனை என்ற பெயரில் சாலையைக் குறுக்குவது ஏழைக்குச் செய்யும் உதவி அல்ல. பாதை அளவில் தகராறு வந்தால் ஏழு முழம் விடும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாக அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பொதுவழிக்கு ஓர் அளவு வேண்டும், அது அவரவர் விருப்பத்துக்கு விடப்படவில்லை என்பதை இதிலிருந்து அறிகிறோம். ஆம்புலன்ஸ் வரவும், ஜனாஸாவைத் தூக்கிச் செல்லவும் அதே பாதைதான்.

கிராம சபையில் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் எண் என்ன? அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யச் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பரில் தடை விதித்தபோது, பணம் கொடுத்து வாங்கியவர்களே தவித்தார்கள். 2017-இல் வந்த வரன்முறைத் திட்டம் 20.10.2016-க்கு முன் விற்பனை தொடங்கிய மனைப்பிரிவுகளுக்குத்தான்.

2. சாலையும் பொது இடமும் ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதப்பட்டனவா? மனைப்பிரிவு 10,000 சதுர மீட்டருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) மேல் என்றால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பொது இடமாக ஒப்படைக்க வேண்டும்.

3. பொருளாதாரத்தில் நலிந்தவர்களுக்கு எத்தனை மனை ஒதுக்கப்படுகிறது?

4. குடிநீர் எங்கிருந்து வரும்? கழிவுநீர் எங்கே போகும்? மழைநீர் ஓடும் ஓடை மறிக்கப்படுகிறதா?

5. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருக்கிறதா? இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதிகளும் பொருந்தும்.

இக்கேள்விகளுக்கு வாய்மொழிப் பதில் போதாது. கிராம சபைத் தீர்மானத்தில் எழுத வைக்க வேண்டும். பெண்கள் அவசியம் கலந்துகொள்ள வேண்டும். தண்ணீர் கெட்டால் குடத்தோடு அலைவது அவர்கள்தான்.

மனை சிறிதாக இருப்பதில் குறையில்லை. பொதுவான தண்ணீரும் பாதையும் சிறுத்துப் போகாமல் பார்த்துக்கொள்வதே நம் பொறுப்பு. முன்பணம் கொடுக்கும் முன் ஒப்புதல் வரைபடத்தின் நகலை வாங்கி, விவரம் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். உழைத்துச் சேர்த்த காசு வீணாகாமல் அல்லாஹ் காப்பானாக.