இருதயச் சிகிச்சைக்குப் பின் கண்மினுக்கமும் தலைவலியும்

தாறுமாறாகத் துடிக்கும் இருதயத்தினுள், தொடையிலுள்ள இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழாயைச் செலுத்திக் கோளாறான இடத்தைச் சுட்டு வடுவாக்குவர். அத்துடிப்பு பெரும்பாலும் நுரையீரல் சிரைகளில் எழுவதை 1998-இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள் வெளியிட்டபின் இம்முறை பரவிற்று. அச்சிரைகளை அடைய இருதய நடுச்சுவரில் சிறு துளையிட வேண்டும். அது ஆறும் வாரங்களில் சிலருக்குக் கண்முன் நெளிகோடுகள் மினுங்கி அரைமணியளவில் மறையும், தலைவலியும் தொடரலாம். துளையே காரணமெனக் கருதுவோர் உளர். பெரும்பாலும் சில மாதங்களில் தணியும்.

ஆயினும், தறியில் அறுந்த இழையைப் போல் இதனை நாமே சரிசெய்துகொள்ள இயலாது. முதன்முறையே மருத்துவரிடம் கூறுக. திடீரெனப் பார்வை மறைந்தாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே மருத்துவமனை சேர்தல் வேண்டும். தலைவலிக்கு அஞ்சி, இரத்தம் உறையாதிருக்கத் தந்த மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது. கடையில் ஆஸ்பிரின் வாங்கி அதனுடன் விழுங்குதலும் இரத்தக்கசிவுக்கு இடமாகும்.